ஜெராக்ஸிலும் நிற்க வேண்டிய முகம்

மும்பையின் தாராவியிலோ சீட்டா கேம்ப்பிலோ இயங்கும் ஒரு குடியிருப்போர் உரிமைக் குழுவின் முகத்தை வெளியார் முதலில் பார்க்கும் இடம் எது? இணையதளம் என்பார் வடிவமைப்பாளர். நடைமுறையில் அது மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் தபால் வாங்கும் மேசை. மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோவார்கள். ஒன்றை எழுத்தர் எடுத்துக்கொண்டு, மற்றதில் தேதியோடு 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார். அந்த முத்திரைப் பிரதிக்கு அதன் பிறகு ஓய்வே கிடையாது. வழக்கறிஞருக்கு ஒரு ஜெராக்ஸ், நிருபருக்கு ஒன்று, கைபேசியில் படம் எடுத்துச் சந்துக்குச் சந்து வாட்ஸ்அப்பில் ஒன்று. நான்காவது கைக்குப் போய்ச் சேரும்போது, பச்சையும் ஆரஞ்சும் குழைந்து இறங்கும் அழகான லோகோ வெறும் சாம்பல் கறையாகியிருக்கும். குழுவின் பெயரைப் படிக்க முடிந்தாலே பெரிய காரியம்.

உரிமைக் குழுவுக்கான சின்னம், வண்ணம், எழுத்துரு, இணையதளம் எல்லாவற்றையும் அந்த மேசையிலிருந்துதான் யோசிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். பெரும்பாலும் வேலை எதிர்முனையில் தொடங்குகிறது. நன்கொடையாளர் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது.

மும்பையில் திறமைக்குப் பஞ்சமில்லை. பவாயில் ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளி இருக்கிறது, ஜே.ஜே. பயன்பாட்டுக் கலைக் கல்லூரி இருக்கிறது. விளம்பரத் தொழிலின் தலைநகரமே இதுதான். 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்ச் சின்னத்தை வரைந்த உதயகுமார், பவாய் ஐஐடியில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். சேவை மனப்பான்மையோடு குறைந்த கட்டணத்துக்கு வேலை செய்ய முன்வரும் இளைஞர்களும் கிடைக்கிறார்கள். ஆள் கிடைத்தும் வேலை பிசகுவதற்குக் காரணம் பணம் வரும் வழி.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை நாடும் தொண்டு நிறுவனங்கள், பணம் தரும் நிறுவனங்களின் தோரணையையே தரித்துக்கொண்டன. பள்ளி நடத்துபவருக்கும் மருத்துவ முகாம் போடுபவருக்கும் அது ஓரளவு பொருந்தும். அரசிடம் உரிமை கேட்கிற, வழக்குப் போடுகிற குழுக்களுக்கு அந்தப் பணம் எளிதில் வருவதில்லை. ஆனால் அந்தத் தோரணை மட்டும் தொற்றிக்கொண்டது. அகலமான வெள்ளைப் பரப்பு, மெல்லிய எழுத்து, சிரிக்கும் குழந்தை, நடுவே 'மாற்றத்தை உருவாக்குவோம்' என்று ஒரு வரி. வீட்டுரிமைக்காகப் போராடும் குழுவின் இணையதளம், அந்த வீடுகளை இடிக்க வரும் கட்டுமான நிறுவனத்தின் விற்பனைக் கையேடுபோல இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

யார் பார்க்கிறார்கள்

உரிமைக் குழுவின் தாளையும் தளத்தையும் நான்கு வகையினர் பார்க்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள், முடிவெடுக்கும் அதிகாரியும் நீதிபதியும் அவர்களைச் சுற்றியுள்ள நிருபர்களும், பணம் கொடுப்பவர்கள். நான்காவது ஆளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: எதிர்த்தரப்பு வழக்கறிஞர். தளத்தில் போட்ட ஒவ்வொரு வரியையும் மிகுந்த கவனத்தோடு படிக்கும் ஒரே வாசகர் அவராகத்தான் இருப்பார். குழு சொன்ன எண்ணிக்கையில் பிழை உண்டா, ஒருவர் பெயரைக் குறிப்பிட்டுக் குற்றம் சாட்டியிருக்கிறார்களா, பழைய அறிக்கையும் புதிய அறிக்கையும் முரண்படுகின்றனவா என்று தேடுவார். அவதூறு இந்தியாவில் இன்னமும் கிரிமினல் குற்றம்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

இந்த நான்காவது வாசகரை மனத்தில் வைத்துவிட்டால் வடிவமைப்பின் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைக்கிறது. நடந்தது எது, குழுவின் கோரிக்கை எது என்று பக்கத்திலேயே பிரித்துக் காட்டத் தோன்றும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருக்கும். திருத்தினால் திருத்திய நாளும் இருக்கும். ஓர் எண்ணைச் சொன்னால் அதற்கு ஆதாரமான ஆவணம் ஒரு தட்டில் திறக்கும்.

மும்பையில் இதற்கு ஒரு மரபு இருக்கிறது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் இங்கே ஜனதா காலனியில் குடியேறி, அதைக் காலி செய்யும் முயற்சிக்கு எதிராக மக்களைத் திரட்டியவர். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அந்தக் காலனி அகற்றப்பட்டு மக்கள் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். அவர் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும், மகிளா மிலன் என்ற ஏழைப் பெண்களின் குழுவும் பின்னாளில் கைக்கொண்ட ஆயுதம் கணக்கெடுப்பு. 1985-இல் ஸ்பார்க் நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தது; ஏறத்தாழ 6,000 குடும்பங்கள். அதே ஆண்டு ஜூலையில்தான், மும்பை நடைபாதைவாசிகளை வெளியேற்றுவதை எதிர்த்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிழைப்புக்கான உரிமையும் வாழ்வுரிமைக்குள் அடக்கம் என்று சொன்னது. அந்தக் கணக்கெடுப்பு அறிக்கையின் அட்டை எப்படி இருந்தது என்று யாரும் பேசுவதில்லை. எண்ணிக்கை பேசியது. தெருவோரத்தில் இருப்பவர்கள் யார், எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத நேரத்தில் கணக்கோடு நின்றவர்களை அதிகாரிகள் உட்காரச் சொன்னார்கள். அந்த நம்பகத்தன்மையைக் கண்ணுக்குத் தெரியவைப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை. அது இல்லாத இடத்தில் அவர் உண்டாக்கித் தர முடியாது.

சின்னம்

நல்ல சின்னங்களின் வரலாறு பெரும்பாலும் சிக்கனத்தின் வரலாறு. 1958-இல் அணு ஆயுத எதிர்ப்புப் பேரணிக்காக பிரிட்டனில் ஜெரால்டு ஹோல்டம் வரைந்த சின்னம் ஒரு வட்டமும் சில கோடுகளும்தான். அவர் அதற்கு உரிமை கொண்டாடவில்லை. சுவரில் கரித்துண்டால் யாரும் போடலாம். அதனால்தான் அது உலகம் சுற்றியது. 1961-இல் உலக வனவிலங்கு நிதியம் பாண்டாவைத் தேர்ந்தெடுத்ததற்கு, கறுப்பு வெள்ளையில் அச்சுச் செலவு குறையும் என்பதும் ஒரு காரணம்.

நம் நாட்டுக்கு வெளியூர்ப் பாடம்கூடத் தேவையில்லை. முதல் பொதுத் தேர்தல் நடந்த 1951-52-இல் எழுத்தறிவு 18 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. வாக்குப் பெட்டியில் ஒட்டிய படத்தைப் பார்த்தே கோடிக்கணக்கானவர்கள் வாக்களித்தார்கள். காளை, குடிசை, அரிவாள் என்று பார்த்ததும் பெயர் சொல்லக்கூடிய பொருள்கள். குடும்பக் கட்டுப்பாட்டின் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணமும் அப்படித்தான். லாரியின் பின்புறத்தில் பெயின்டர் கைபோன போக்கில் எழுதினாலும் அது முக்கோணமாகவே இருந்தது. இந்தப் பயிற்சி நம் மக்களுக்கு இன்றும் உண்டு. 'அந்த விளக்குப் படம் போட்ட சங்கம்' என்று சொல்லியே ஆபீஸுக்கு வழி கேட்பார்கள். இரண்டு அரைவட்டங்கள் ஒன்றையொன்று தழுவும் அருவமான லோகோவை வைத்துக்கொண்டு யாரும் வழி கேட்க முடியாது.

எனவே சின்னத்துக்கு மூன்று சோதனை வைக்கலாம். ஜெராக்ஸின் ஜெராக்ஸில் தெரிகிறதா? ரப்பர் ஸ்டாம்ப்பாக வெட்ட முடிகிறதா? பார்த்தவர் அதை ஒரே சொல்லில் சொல்ல முடிகிறதா? இவற்றில் தேறியபின் வண்ணத்துக்குப் போகலாம்.

வண்ணம் மும்பைத் தமிழர்களிடையே வெறும் அழகு விஷயம் கிடையாது. சிவப்பும் கறுப்பும் சேர்ந்து வந்தால் தாராவியின் 90 அடிச் சாலையில் நிற்கும் எவரும் திராவிடக் கட்சி என்று படித்துவிடுவார். நீலம் அம்பேத்கர் இயக்கம். சிவப்பு மட்டும் என்றால் செங்கொடிச் சங்கம். காவி யாருடையது, பச்சை யாருடையது என்று இந்த நகரத்தில் குழந்தைக்கும் தெரியும். கணினித் திரையில் 'நம்பிக்கையின் நிறம் நீலம்' என்று பயிற்சி நூலைச் சொல்லி நீலம் பூசிக் கொடுத்துவிட்டு வடிவமைப்பாளர் போய்விடுவார். மறுநாள் குழுவினர் எந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள் என்ற கேள்விக்குச் சந்து சந்தாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதற்குப் பொதுவான தீர்வு கிடையாது. துப்புரவுத் தொழிலாளர்களின் குழு நீலத்தைத் தெரிந்தே எடுத்துக்கொண்டால் அது நேர்மையான தேர்வு; தாங்கள் யார் என்று சொல்கிறார்கள். பல சமூகத்தார் கலந்து வாழும் குடியிருப்பின் குழு, எந்தக் கொடியிலும் இல்லாத அடர் பழுப்பு மாதிரி ஒன்றை எடுப்பது நல்லது. தெரியாமல் ஒரு கொடியின் நிறத்தைப் பூசிக்கொள்வதுதான் ஆபத்து.

இன்னொரு கண்ணி சட்டத்தில் இருக்கிறது. அதிகாரத் தோற்றம் வரட்டும் என்று அசோகச் சக்கரத்தையோ நான்முகச் சிங்கத்தையோ லெட்டர்ஹெட்டில் வைக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டமும், 2005-இல் வந்த தேசியச் சின்னச் சட்டமும் அதற்கு எதிரானவை. 1950 சட்டத்தின் பட்டியலில் காந்தி, நேரு ஆகியோரின் பெயரும் உருவமும் உண்டு. மகாராஷ்டிரத்தில் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டியது, சத்ரபதி சிவாஜியும் அதே பட்டியலில் இருக்கிறார்.

நான்கு மொழிகள், ஒரு பேனர்

தாராவியின் ஒரு கூட்டத்துக்கு பேனர் அடிப்பது மொழியியல் வகுப்பு எடுப்பதற்குச் சமம். அதிகாரி படிக்க மராத்தி. உத்தரப் பிரதேசம், பிகாரிலிருந்து வந்த அண்டை வீட்டார் படிக்க இந்தி. நம்மவர்களுக்குத் தமிழ். நிருபருக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் ஆங்கிலம். கடைகளும் நிறுவனங்களும் பெயர்ப்பலகையில் மராத்தியைத் தேவநாகரி எழுத்தில் வைக்க வேண்டும், அது பிற மொழி எழுத்தைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது என்று 2022-இல் மகாராஷ்டிரச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், மராத்தியை மேலே வைப்பது இந்த ஊரில் பேசத் தொடங்குவதற்கான மரியாதை. தமிழை முதலில் வைத்தால் கோரிக்கையைப் பற்றிப் பேச வந்தவர்களை மொழியைப் பற்றிப் பேச வைத்துவிடலாம். அதற்காகவே காத்திருப்பவர்களும் உண்டு.

நான்கு மொழியும் ஒரே குடும்பமாகத் தெரிவதற்கு முன்பெல்லாம் வழியில்லை. மராத்திக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு எங்கிருந்தோ தடித்த இன்னொன்று, நான்கு பேர் எழுதிய ஒரே கடிதம்போல் இருக்கும். இன்று அந்தச் சாக்கு செல்லாது. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவினர் உருவாக்கிய முக்தா வரிசையில் தேவநாகரி, குஜராத்தி, குர்முகி, ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழுக்கு முக்தா மலர் இருக்கிறது. அவர்களுடைய பலூ வரிசையில் பலூ தம்பியும், 2022-இல் வந்த அனேக் வரிசையில் அனேக் தமிழும் உண்டு. எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. காசு கொடுக்க வேண்டாம், திருட்டுப் பிரதி என்ற பயமும் வேண்டாம்.

எழுத்துரு கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. தமிழ் வாக்கியம் அதே பொருளுள்ள ஆங்கில வாக்கியத்தைவிட அகலமாக ஓடும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடிகிற பொத்தானில் 'நன்கொடை அளிக்க' என்று எழுதினால் சிறிய கைபேசித் திரையில் அது இரண்டு வரியாக உடைந்து பொத்தானை விட்டு வெளியே வழியும். 'கீ', 'மூ' போன்றவற்றின் சுழிகள் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையே கூடுதல் இடம் விட வேண்டும். ஆங்கிலப் பக்கத்துக்கு வைத்த இடைவெளியையே தமிழுக்கும் வைத்தால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. ஆகவே தலைப்பைத் தனித்துக் காட்ட அளவும் கனமும் வெற்றிடமும்தான் துணை. ஆங்கிலத்தில் வடிவமைத்து முடித்துவிட்டுக் கடைசியில் 'தமிழை ஊற்றுவது' என்ற வழக்கம் இங்கேதான் அம்பலமாகிறது.

அச்சகத்தில் நடப்பது தனிக் கதை. சயானிலோ தாராவியிலோ பிளெக்ஸ் அடிக்கும் கடைகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. நீங்கள் யூனிகோடில் அனுப்பிய வாசகத்தை அவர் தன் மென்பொருளில் ஒட்டுவார். அந்த மென்பொருளில் இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதி முடுக்கப்படாமல் இருந்தால் 'தொழிலாளர்' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்; நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கும்; மெய்யெழுத்தின் புள்ளி தலையை விட்டுத் தள்ளி அந்தரத்தில் தொங்கும். கடைக்காரருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பத்தடி பேனர் அச்சாகி, கூட்டத்தன்று காலையில் கட்டும்போதுதான் தெருவே சிரிக்கும். அடோபி மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகும். அதைவிட உறுதியான வழி, எழுத்துகளை வடிவங்களாக, அதாவது அச்சகத்தார் சொல்லும் கர்வ்களாக மாற்றிய பிடிஎஃப் கோப்பை மட்டும் கொடுப்பது. வாசகத்தைத் தட்டச்சு செய்துகொள்ளச் சொல்லவே கூடாது.

பழைய பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய துண்டறிக்கைகள் இன்னும் பல குழுக்களின் கணினியில் கிடக்கின்றன. தாளில் அவை அழகாகவே இருக்கும். அதே வாசகத்தை இணையதளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாக விழும். பிடிஎஃப்பாகப் போட்டால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறியால் படிக்க முடியாது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் உளறும். பத்தாண்டுப் போராட்டத்தின் ஆவணங்கள் இணையத்தில் இருந்தும் இல்லாதவையாகிவிடுகின்றன. மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கும் பொறுமைதான் கிடைப்பதில்லை.

இதில் ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர்களில் பலர் தமிழைத் தடையில்லாமல் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. மராத்தி, இந்தி அல்லது ஆங்கில வழியில் படித்தவர்கள். தமிழ்ப் பக்கம் வைத்துவிட்டோம், தமிழர்களை எட்டிவிட்டோம் என்று நினைப்பது பாதி உண்மை. அறிவிப்பை ஒருவர் நிதானமாகப் படித்துப் பதிவுசெய்த ஒலிக்கோப்பு, அதே பக்கத்தின் தலையில் ஒரு பொத்தானாக இருந்தால் மீதிப் பாதியும் எட்டும். வாட்ஸ்அப்பில் அது தானாகவே பரவும்.

முதல் திரை

உரிமைக் குழுக்களின் இணையதளங்களில் முதல் திரையை வழக்கமாக 'எங்கள் தொலைநோக்கு' பிடித்துக்கொள்கிறது. அதைத் தேடி யாரும் வருவதில்லை. ஒரு வீட்டு உரிமைக் குழுவின் தளத்துக்கு வருபவர் தாராவியிலோ அந்தேரியிலோ ஒரு குடிசை மறுசீரமைப்புத் திட்டத்தில் சிக்கியிருப்பார். அவருடைய கேள்வி மிகக் குறுகியது: என் பெயர் 'அனெக்ஸர் டூ'வில் வருமா? தகுதியுள்ள குடியிருப்போர் பட்டியலுக்கு ஊரே வைத்திருக்கும் பெயர் அது. 2000 ஜனவரி 1 என்ற தேதி இங்கே குடும்பங்களை இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கு முன்பிருந்தே குடியிருந்ததை நிரூபித்தால் ஒரு விதி. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு வேறு விதி, வேறு விலை. நிரூபிக்க என்னென்ன வேண்டும்? 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டிக் குடிசைவாசிகளுக்குக் கொடுக்கப்பட்ட, படம் ஒட்டிய அடையாளச் சீட்டான ஃபோட்டோ பாஸ், பழைய வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது. வீட்டுக்கு வீடு பரணில் ஒரு பிளாஸ்டிக் பையில் இவை இருக்கும். எது எதற்குப் பயன்படும் என்பதுதான் தெரியாது. அந்தத் தாள்களின் மாதிரிப் படங்களை, பெயரையும் எண்ணையும் மறைத்து, முதல் திரையிலேயே வைத்து, 'இது உங்களிடம் இருக்கிறதா?' என்று கேட்கும் தளம் பயன்படும் தளம். தொலைநோக்கை நான்காம் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அதே தளத்தில் அதிகாரியும் நிருபரும் தேடுவது ஆவணக் களஞ்சியம். தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய், பதிலுக்குச் சட்டம் தரும் கெடு 30 நாள். குழுக்கள் சளைக்காமல் விண்ணப்பம் போடுகின்றன. வந்த பதில்கள் செயலாளரின் அலமாரியில் உறங்குகின்றன. அவற்றைத் தேதிவாரியாக, துறைவாரியாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிச் சுருக்கத்தோடு போட்டுவைத்தால் அந்தத் தளத்தை நிருபர்கள் தானாகத் தேடி வருவார்கள். அரசாணைகளும் நீதிமன்ற உத்தரவுகளும் அதோடு சேரட்டும். குழுவின் அடையாளத்தை உயர்த்துவதில் புது லோகோவைவிட இதற்குப் பலமடங்கு வலிமை உண்டு. செலவும் இல்லை, ஒருவரின் வாராந்திர உழைப்பு போதும். வாராவாரம் உழைக்கும் அந்த ஒருவர்தான் அரிது என்பது வேறு விஷயம்.

தளம் இலேசாக இருக்க வேண்டும். தகரக் கூரைகளுக்கு இடையே உள்ள குறுகிய சந்தில், நான்கு ஆண்டுப் பழைய கைபேசியில், அன்றைய டேட்டா தீரப்போகும் நேரத்தில் திறக்க வேண்டிய பக்கம் அது. ஓடும் காணொளியும் தானாக நகரும் பட வரிசையும் அங்கே வன்முறை. தமிழுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. கூட்டெழுத்துகள் குறைவென்பதால் தமிழ் எழுத்துருக் கோப்பு தேவநாகரிக் கோப்பைவிடப் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். எழுத்துக்கும் பின்புலத்துக்குமான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலகளாவிய அணுகல்தன்மை வழிகாட்டுதல். வெயிலில் நின்று கைபேசி பார்க்கும் எல்லோருக்கும் அது உதவும். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வைப்பவர்கள் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு தாராவி முக்கியச் சாலையில் நின்று தங்கள் தளத்தைத் திறந்து பார்க்கலாம்.

முகங்கள்

புகைப்படங்களில்தான் உரிமைக் குழுக்கள் தங்களை அறியாமல் தங்கள் வாதத்தையே மறுத்துக்கொள்கின்றன. பணம் திரட்டும் பக்கத்துக்குக் கண்ணீர் வேண்டும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் போகவில்லை. சாக்கடைக்குள் இறங்கியவரை மேலிருந்து எடுத்த படம் அதற்கு உச்சம். கையால் மலம் அள்ளும் வேலையில் ஆட்களை ஈடுபடுத்துவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சட்டம் அவரை உரிமை உள்ளவராகப் பார்க்கிறது. அவருக்காகப் பேசும் தளம் பரிதாபத்துக்குரியவராகக் காட்டுகிறது. மனுவோடு நிற்கும் அவரை, கண்ணுக்கு நேராக, பெயரோடும் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தோடும் காட்டினால் வாதமும் படமும் ஒரே திசையில் போகும்.

சட்டப்படி காட்டவே கூடாத முகங்களும் உண்டு. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை போக்சோ சட்டமும், வழக்குகளில் தொடர்புடைய குழந்தைகளின் அடையாளத்தை இளம்சிறார் நீதிச் சட்டமும் மறைக்கச் சொல்கின்றன. முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சந்தின் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதினால் மறைத்ததாகாது. பெரியவர்கள் விஷயத்திலும் ஒப்புதல் என்பது கூட்டத்தில் 'எல்லோருக்கும் சம்மதம்தானே' என்று கேட்பதில்லை. படம் எங்கே வரும், யார் பார்ப்பார்கள், பிறகு வேண்டாமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவருடைய மொழியில் சொல்ல வேண்டும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. ஒப்புதல் கோரிக்கையை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ பார்க்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அதில் அடக்கம்.

தளத்தில் உள்ள படிவங்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஆதார் எண், முழு முகவரி, குடும்பத்தார் பெயர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி யாருடைய தனிப்பட்ட மின்னஞ்சலிலோ சேர்ப்பது சாதாரணமாக நடக்கிறது. வெளியேற்றத்தை எதிர்க்கும் மக்களின் பட்டியல் யார் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்தால், பெயரும் கைபேசி எண்ணும் போதும் என்று தோன்றிவிடும்.

பணம் கேட்கும் பக்கம்

நன்கொடைப் பொத்தானை அமைப்பது தொழில்நுட்ப வேலைபோலத் தெரியும். அது சட்ட வேலை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவில்லாத குழு வெளிநாட்டுப் பணத்தைத் தொடவே கூடாது. சிங்கப்பூரில் வேலை செய்யும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தாராவிப் பையன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவன் குடியுரிமை மாறிவிட்டால் அதே நூறு டாலர் வெளிநாட்டு நன்கொடை. எனவே பணம் செலுத்துவதற்கு முன் 'நீங்கள் இந்தியக் குடிமகனா?' என்ற கேள்வி கட்டாயம். அதைத் தமிழிலும் கேட்பது நல்லது. கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை (80ஜி என்று பழகிய பெயர்) கிடைக்கச் செய்கிற குழு என்றால் அவருடைய பான் போன்ற அடையாள எண் வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதையும் உண்டியல் வைக்கும் இடத்தில் எழுதிவைக்கலாம்.

பந்த், மறியல் போன்ற வழிகளில் பொதுப் பிரச்சினைக்குக் குரல் கொடுப்பதாலேயே ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என்று சொல்லி வெளிநாட்டு நிதியைத் தடுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கட்சி அரசியல் நோக்கம் இருந்தால் கதை வேறு. பதிவு பெற்ற குழுக்கள் தளத்தில் போடும் படங்களையும் முழக்கங்களையும் இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு ஒருமுறை பார்க்கலாம். மேடையில் ஒரு கட்சிக்கொடி தெரியும் படம் முகப்பில் இருக்க வேண்டிய அவசியம் என்ன?

யாருக்குச் சொந்தம்

இத்தனையும் சரியாக அமைந்தபின் குழுவைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஒரு சிறிய விஷயம்: எதுவும் குழுவின் பெயரில் இருக்காது.

லோகோவுக்குப் பணம் கொடுத்தால் அது நம்முடையது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்யாமல் தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர் வரைந்த சின்னத்தின் முதல் உரிமையாளர் அவரே. எழுத்துமூலமாக மாற்றிக் கொடுத்தால்தான் குழுவுக்கு வரும். எழுதும்போதும் கவனம் வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 19-ஆம் பிரிவு அதை ஐந்தாண்டு என்று எடுத்துக்கொள்கிறது. எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இலவசமாகச் செய்து கொடுத்த தன்னார்வலரிடமும் ஒரு பக்க ஒப்பந்தம் வாங்கிக்கொள்வதில் மனக்கசப்புக்கு இடமில்லை. பிற்பாடு வரும் கசப்பை அது தவிர்க்கும். திருத்தக்கூடிய மூலக் கோப்புகளையும் அன்றே வாங்கிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தை வைத்து பத்தாண்டு ஓட்டும் குழுக்கள் ஏராளம்.

இணைய முகவரி இன்னும் மோசம். உற்சாகமான ஒரு கல்லூரி மாணவர் தன் வங்கி அட்டையில், தன் மின்னஞ்சலில் அதைப் பதிவு செய்திருப்பார். அவர் படித்து முடித்து வெளியூர் போய்விடுவார். புதுப்பிக்கும் நினைவூட்டல் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருக்கும். தவணை தவறிய டாட் ஆர்க் முகவரி பதிவாளர் தரும் சலுகை நாட்களுக்குப் பின் 30 நாள் மீட்புக் காலத்துக்குள் போகிறது. அப்போது மீட்கக் கூடுதல் கட்டணம். அதுவும் கடந்தால் ஐந்து நாளில் சந்தைக்கு வந்துவிடும். நன்கு அறியப்பட்ட முகவரிகளை அள்ளிக்கொள்ளவே ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஊர்க்காரர் ஃபோட்டோ பாஸ் பற்றித் தெரிந்துகொள்ளப் பழைய இணைப்பைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் திறக்கும்.

முகவரியை அறக்கட்டளையின் பெயரில், அறக்கட்டளையின் மின்னஞ்சலில், குறைந்தது ஐந்தாண்டுக்குச் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். கடவுச்சொல் இரண்டு நிர்வாகிகளிடம் இருக்க வேண்டும். ஓடிபி யாருடைய கைபேசிக்கு வருகிறது என்பதை, வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர் யார் என்று எழுதிவைக்கும் அதே தீர்மானப் புத்தகத்தில், பொறுப்பாளர் மாறும் ஒவ்வொரு முறையும் எழுதிவிடலாம்.